ஆடுது, உதறுது, இழுக்குது: நெடுஞ்சாலையில் ஓடும் எஸ்யூவிக்கு ஷாக் மாற்றுவதா, டயர் மாற்றுவதா?

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் வேலை என்று இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டாலும் வருஷத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும். மற்றவர்களுக்கு ஆறேழு வருஷம் கழித்து வரும் தொல்லைகள் இவர்களுக்கு மூன்றாவது வருஷமே வந்துவிடுகின்றன. எங்கள் கம்பெனியில் இப்படி வந்துபோகிறவர்களில் யாருக்கு வண்டி ஆடினாலும், உதறினாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங்குக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: "ண்ணா, நாலு டயரையும் மாத்திட்டா சரியாயிடுமா?"

பெரும்பாலும் சரியாகாது. டயர் வெளியே தெரிகிறது, அதனால் முதல் செலவு அதன் தலையில் விழுகிறது. செத்துப்போன ஷாக்கை, அதாவது வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை, அப்படியே விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அந்த டயரையும் ஷாக் தின்றுவிடும். எனவே கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், காசு அதிகம் பிடிக்கும் வேலை கடைசியில். மேலேயிருந்து வரிசையாக வாருங்கள், நடுவில் தாண்ட வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் காற்று

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பதுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண், டயர் தாங்கக்கூடிய அதிகபட்சம். அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

காலையில் வண்டி எடுக்கும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நம் ஆட்கள் செய்வது வேறு: சூளகிரி தாண்டிப் பெட்ரோல் போடும்போது, நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய டயரில் காற்றைப் பார்ப்பார்கள். சூட்டில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். "அதிகமா இருக்கு சார்" என்று பங்க் பையன் இறக்கிவிடுவான். மறுநாள் காலையில் டயர் நாலு பிஎஸ்ஐ குறைவோடு கிளம்பும். இதிலேயே பாதிப் பிரச்சினை தொடங்கிவிடுகிறது. கையடக்க கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் வேண்டாம் என்பார்கள். நைட்ரஜனும் சூட்டில் விரியும், மெல்லக் குறையவும் செய்யும்.

அறிகுறி 1: வேகத்தடையில் இறங்கிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கிறது

சர்வீஸ் ரோட்டில் அடுத்தடுத்து வரும் வேகத்தடைகள்தான் இதற்குப் பரிசோதனைக்கூடம். நல்ல ஷாக் உள்ள வண்டி ஒரு தடவை அமுங்கி, எழுந்து, நின்றுவிடும். தேய்ந்த ஷாக் இருந்தால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை எழுந்து விழும். நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது பாலத்தின் ஜாயின்ட் வரும் இடங்களில் பின்சீட்டில் இருப்பவரைத் தூக்கிப் போடும். வளைவில் அந்த மாதிரி ஒரு ஜாயின்ட் வந்தால் வண்டி அரை அடி பக்கவாட்டில் நகர்ந்த மாதிரி இருக்கும்.

*காசில்லாத சோதனைகள்*

முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கு நடுவே, ரப்பர் உறைக்குக் கீழே ஷாக்கின் உடம்பு தெரியும். நம் ஊர்ச் செம்மண் தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தால் நல்லது. மேல் சீலிலிருந்து கீழ்வரை கறுப்பாக, ஈரமாக ஒரு கோடு இறங்கி, அதில் மண் களியாக அப்பியிருந்தால் எண்ணெய் வெளியே வந்துவிட்டது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், வழுக்கும். சீல் ஓரத்தில் மட்டும் லேசாக வியர்த்திருப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம், அது இருக்கத்தான் செய்யும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். திரும்ப நனைந்திருந்தால் ஷாக் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஒரு மூலையில் பானெட்டை உடம்பு எடையோடு மூன்று முறை அழுத்தி, கீழே போகும்போது கையை எடுங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும். கூடுதலாக ஒரு ஆட்டம் போட்டால் சந்தேகப்படலாம். ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: இந்தச் சோதனையில் தேறாத ஷாக் நிச்சயம் மோசம், தேறிய ஷாக் நல்லது என்று அர்த்தமில்லை. கையால் அழுத்தும் வேகமும் 90-ல் பள்ளத்தில் விழும் வேகமும் ஒன்றல்ல. அதுவும் கனமான எஸ்யூவியை ஒரு ஆள் அழுத்தி அசைப்பதே கஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. மோசமான ரோட்டில் கால்மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஷாக்குகளின் உடம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும், ஏனென்றால் ஆட்டத்தை அது சூடாகத்தான் மாற்றுகிறது. ஒரே அச்சில் ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது சும்மா வந்துகொண்டிருக்கிறது. பின்பக்கம் தொடும்போது சைலன்சர் குழாயைப் பார்த்துக் கை வையுங்கள்.

*ஆட்டம் இல்லை, ஆனால் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது*

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இது நன்றாகத் தெரியும். கியரைக் குறைத்து மெதுவாக இறங்கும்போதே, பிரேக்கில் கால் வைத்ததும் முன்பக்கம் சரேலென்று அமுங்கி, விட்டதும் எகிறினால் முன் ஷாக் பலவீனம். முன்னே கிரானைட் கல் ஏற்றிய லாரி, பின்னே கன்டெய்னர் என்று போகும் அந்த இறக்கத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

*ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கிறது*

அது ஷாக் வேலை இல்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து இடது வலது ஒப்பிடுங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது கீழ்ச்சுற்று உடைந்திருக்கலாம்.

*எப்போது ஒர்க்ஷாப்:* கசிவு உறுதியானால், அல்லது ஸ்பிரிங் உடைந்திருந்தால் நேராக அங்கேதான். முன் ஷாக்கை ஸ்பிரிங்கிலிருந்து பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. அமுக்கிவைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். இதில் திறமை, அனுபவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கான கம்ப்ரஸர் கருவி வேண்டும்.

அறிகுறி 2: எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது

எங்கே உதறுகிறது, எப்போது உதறுகிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால் செலவு பாதியாகும்.

ஸ்டியரிங் மட்டும் 80–110 வேகத்தில் உதறி, அதற்குக் கீழே அடங்கிவிட்டால் முன் சக்கர பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டயருக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இல்லை, பிரேக் டிஸ்கைப் பாருங்கள்.

பேலன்சிங் என்று தெரிந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். மழைக்காலத்தில் தோட்டத்துக்கோ மாந்தோப்புக்கோ வண்டியை இறக்கியிருந்தால், ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு கைப்பிடி மண் போதும், உதறலுக்கு. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ரிம்மில் பேலன்சிங் வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு செவ்வகத் தடம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெயிட் கழன்று விழுந்துவிட்டது. சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

பேலன்சிங் செய்தும் போகவில்லையா? மெஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம் விளிம்பு உள்ளே வெளியே ஆடினால் ரிம் கோணல். பள்ளத்தில் விழுந்த பிறகு தொடங்கிய உதறலுக்கு இதுதான் வழக்கமான காரணம். ரிம் நேராகச் சுற்றி, டயரின் மேற்பரப்பு மட்டும் ஒரு இடத்தில் எழும்பி இறங்கினால் டயருக்குள் இரும்புப் பட்டை பிரிந்துகொண்டிருக்கிறது. அந்த டயரை அன்றே கழற்றிவிட்டு ஸ்டெப்னி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இனி ஒரு டோல்கேட்கூட அதில் தாண்ட வேண்டாம்.

இரண்டும் நேராக இருந்தால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு இடமும் வலமும். மேல்கீழ் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது பேரிங், இடவல ஆட்டம் டை ராடு எண்டு. இங்கே கையில் ஆட்டம் தெரிந்தால் அது ஒர்க்ஷாப் வேலை. ஓட்டிக்கொண்டே யோசிக்கிற விஷயமில்லை.

அறிகுறி 3: டயர் ஒழுங்கில்லாமல் தேய்கிறது

டயர் தேய்ந்த விதத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் வேறு எந்தச் சோதனையும் அவ்வளவாகத் தேவைப்படாது. அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம் தப்பியிருக்கிறது. நின்றபடி பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும். குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தால்தான் கம்பி தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருப்பது தெரியும். நாங்கள் ஓசூர் போகும் வழியில் உள்ள மேலுமலை இறக்கத்தில் டயர் வெடித்தது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உள் ஓரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான்.

இன்னும் இரண்டு தேய்மானம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். டயர் குளிர்ந்த பிறகு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையை டயர்மேல் வைத்துக் குறுக்கே தள்ளுங்கள். உள்ளேயிருந்து வெளியே தள்ளும்போது வழவழப்பாகவும், வெளியேயிருந்து உள்ளே இழுக்கும்போது பட்டன்களின் (டயர் மேற்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகள்) ஓரங்கள் கையைக் கீறுவது போலவும் இருந்தால், அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால், டோ கோணம் தப்பியிருக்கிறது. சக்கரம் நேராக உருளாமல் ஓரமாக இழுபட்டுக்கொண்டே போகிறது. அலைன்மென்ட் செய்தால் நிற்கும்.

அடுத்து, உள்ளங்கையைச் சுற்றுவாக்கில் மெல்ல நகர்த்துங்கள். ஒரு மேடு, ஒரு குழி, மறுபடி மேடு, மறுபடி குழி என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் டயரைத் தரையில் அமர்த்தி வைக்கவில்லை. சக்கரம் ஓடும்போது குதித்துக் குதித்து, விழும் இடமெல்லாம் ரப்பரைச் செதுக்கியிருக்கிறது. பேலன்சிங் ரொம்ப நாள் பார்க்காமல் விட்டாலும் இப்படி ஆகலாம், எனவே முதலில் அதைச் செய்து பாருங்கள். பின் டயர்களில் இந்தக் குழி இருந்து, வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் நான் ஷாக் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

ஒருமுறை அலையாகத் தேய்ந்த டயர் ஷாக் மாற்றினாலும் உடனே அடங்காது. சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கும். பட்டன் மிச்சமிருந்தால் பின்னால் போட்டுத் தேய விடலாம்.

*எப்போது ஒர்க்ஷாப்:* அலைன்மென்ட் மெஷினில் சிவப்பு எண் பச்சைக்கு வரவில்லை என்றால். கடைக்காரர் "இவ்வளவுதான் வரும் சார்" என்று பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் நல்ல ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள். லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), ஸ்ட்ரட்டோ (ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன் ஷாக்) வளைந்திருக்கும். வளைந்ததை மாற்றாமல் எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் காசுதான் போகும்.

அறிகுறி 4: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

காற்றைச் சரிபார்த்தாயிற்று என்றால், ரோடே இடது பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீர் வடிய எல்லா ரோட்டிலும் சரிவு வைத்திருப்பார்கள். வலது லேனுக்குப் போனால் இழுப்பு குறைந்தால் வண்டியில் குற்றமில்லை.

இல்லையென்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் காரணம், மாறாவிட்டால் அலைன்மென்ட். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடம்வலம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மாற்றிப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகே இழுப்பு தொடங்கி, ஒரு பக்க ரிம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு மலை இறங்க வேண்டாம், நேராக மெக்கானிக்.

அறிகுறி 5: கீழே டக் டக் சத்தம்

இந்தச் சத்தத்தைக் கேட்டு ஷாக் மாற்றியவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள். ஷாக் செத்தால் பெரும்பாலும் சத்தம் வராது, ஆட்டம்தான் வரும். சத்தம் போடுவது அதைச் சுற்றியுள்ள சின்னச் சாமான்கள்.

சின்னச் சின்னக் குழியில், இருபது முப்பது வேகத்தில், லொட லொட என்று அடித்தால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. விலை குறைந்த சாமான், முதலில் அதை மாற்றுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே 'டொய்ங்' என்று ஸ்பிரிங் தெறிக்கும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட், அல்லது அதற்குள் இருக்கும் பேரிங். பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். பெரிய பள்ளத்தில் மட்டும் இரும்பும் இரும்பும் மோதுவது போல் அடித்தால், பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடியாகிப் போயிருக்கும். இங்கே ஷாக்கையும் சேர்த்துச் சந்தேகப்படலாம்.

கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், அல்லது ராம்ப் உள்ள கடைக்குப் போக வேண்டும்.

அறிகுறி 6: வேகம் கூடக் கூட 'ஊ' என்று சத்தம்

டயரா, வீல் பேரிங்கா என்பதுதான் கேள்வி. தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தத்தின் சுருதி மாறினால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே சுருதி என்றால் பேரிங் பக்கம் போங்கள். மேலுமலை வளைவுகளில் காது கொடுத்துக் கேளுங்கள்: வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது. பேரிங் என்று தெரிந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

அறிகுறி 7: மழையில் பிடி இல்லை, பக்கவாட்டில் வீக்கம்

டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் முக்கோணக் குறி இருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். பட்டன் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழையில் 90-ல் போகிறவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

பக்கவாட்டில் கட்டி மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு ஒட்டு வேலை கிடையாது. பக்கவாட்டில் ஆணி ஏறினாலும் அதே பதில்தான்.

ஷாக் மாற்றுவது என்று முடிவானால்

ஒரே ஒரு ஷாக் கசிந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்றால் வளைவிலும் பிரேக்கிலும் இரண்டும் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். நான்கையும் மாற்றத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

எதை வாங்குவது? வண்டிக் கம்பெனி போட்டுக்கொடுத்த தரத்திலேயே, கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய் வைத்த) ஷாக் நம் ஓட்டத்துக்குப் போதும். கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி மாதிரி பெயர்கள் எளிதில் கிடைக்கின்றன. கேப்ரியலுக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. மோனோ ட்யூப் (ஒற்றைக் குழாய்) இன்னும் விலை கூடியது, கெட்டியாக இருக்கும், நீண்ட நேரம் மோசமான ரோட்டில் சூடேறினாலும் பிடி விடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாரம் தவறாமல் போகிறவர், குவாரிக்கு இறங்குகிறவர் வாங்கலாம். கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவருக்கு அந்தக் கெட்டித்தனம் முதுகுவலிதான். ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்குவது பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அலைன்மென்ட் கெடும், வளைவில் சாயும். நெடுஞ்சாலை வண்டிக்கு வேண்டாத வேலை.

வாங்கும்போது சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். ஒரே மாடலில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் முன் ஷாக் வேறாக இருக்கலாம், எஞ்சின் எடை வேறு என்பதால். கேஸ் ஷாக்கின் நடுக்கம்பியை உள்ளே அழுத்திக் கையை எடுத்தால் மெல்லத் தானாக வெளியே வர வேண்டும். வராமல் அங்கேயே நின்றால் திருப்பிக் கொடுங்கள். மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் கூடவே மாற்றிவிடுங்கள். கூலி ஒரு தடவைதான். இவற்றுக்காக மறுபடி அவிழ்த்தால் இரண்டாவது கூலி.

மாட்டும்போது பக்கத்தில் நின்று இரண்டைப் பாருங்கள். ஒன்று, மேல் நட்டை முடுக்கும்போது நடுக்கம்பியைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பிடிக்கிறார்களா? பளபளப்பான அந்தக் கம்பியில் ஒரு கீறல் விழுந்தாலும் அது சீலை அறுத்து, ஆறே மாதத்தில் புது ஷாக் கசியும். கம்பியின் தலையில் அதற்கான பிடி இருக்கும், சாவி போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு, கீழ் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுசாக முடுக்குகிறார்களா? வண்டி எடை தரையில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

டயர் வாங்கப் போனால்

முதலில் அளவு. உதாரணத்துக்கு 215/60 ஆர்17 96எச் என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 17 அங்குலம். 96 என்பது ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம்வரை. கடைசி இரண்டும் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. விலை குறைவாக ஒரு டயர் காட்டினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

பெரிய டயர் போட ஆசை வருவது இயல்பு. அதே ரிம்மில் 215/65 போட்டால் சக்கர விட்டம் 690 மில்லிமீட்டரிலிருந்து 711 ஆகிறது, அதாவது மூன்று சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது பழைய கணக்குக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். சக்கரத்தின் எடை கூடும், ஷாக்குக்கு வேலை கூடும், மைலேஜ் குறையும்.

ரகம் என்று பார்த்தால் ஹெச்டி எனப்படும் ஹைவே டயர், ஏடி எனப்படும் ஆல் டெரைன் டயர். ஏடி டயரின் முரட்டுப் பட்டனைப் பார்த்துதான் பலர் மயங்குகிறார்கள். தார் ரோட்டில் அது இரையும், ஈர ரோட்டில் பிரேக்கில் ஹைவே டயர் அளவுக்குப் பிடிக்காது, தேய்வதும் வேகம். வருஷத்தில் நாலு தடவை மண்பாதையில் போவதற்காக மீதி நாளெல்லாம் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டுமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் ஹெச்டி.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரை முழு விலைக்கு வாங்காதீர்கள். நான்கிலும் இதைப் பாருங்கள்; மூன்று புதுசும் ஒன்று பழசும் கலந்து வருவது உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டம் குறைந்த வண்டியில் பட்டன் அப்படியே இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன டயரில் பக்கவாட்டு வெடிப்புகளை அடிக்கடி தேட வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து.

கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புது டயரைப் பின்னால் போடுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் அடித்துச் சொல்வார்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொள்ளும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் மட்டும் நான்கையும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும்.

எதை முதலில்?

பட்டன் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் முதலில் ஷாக். டயர் அடுத்த போனஸுக்கு. பட்டன் அதற்குக் கீழே போயிருந்தால், வீக்கம் இருந்தால், கம்பி தெரிந்தால் வேறு பேச்சில்லை, முதலில் டயர். ஆனால் ஷாக் கசிகிறது என்று தெரிந்தே டயரை மட்டும் மாற்றினால், இரண்டு மூன்று மாதத்துக்குள் ஷாக்குக்கும் வழி பண்ணிவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடிந்தால் முதலில் ஷாக், பிறகு டயரும் பேலன்சிங்கும், கடைசியில் அலைன்மென்ட். சில கடைகளில் டயர் மாட்டியதுமே அலைன்மென்ட் செய்து அனுப்பிவிடுவார்கள், மறுநாள் வேறொரு இடத்தில் ஷாக் மாற்றுவீர்கள். முன் ஸ்ட்ரட்டை அவிழ்த்தாலே கோணம் மாறிவிடும், முதல் அலைன்மென்ட் காசு வீண்.

புது டயரில் முதல் முந்நூறு கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை பிடி குறைவாகத்தான் இருக்கும். அலாய் வீல் என்றால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட வேண்டும். நம் ஓட்டத்துக்கு அது நாலு மாதத்தில் வந்துவிடும்.